பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லையா? பைக்கின் மின்குறையை அளந்து கண்டுபிடிக்கும் முறை

செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக் டக்’ என்று ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) தட்டும் ஓசை மட்டும் வருகிறது, எஞ்சின் சுற்றவில்லை, முகப்பு விளக்கும் மங்கிப்போய் எரிகிறது. இந்த நிலையில் பெரும்பாலானோர் நேராகப் போய்ப் புதிய பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் படுத்துவிட்டால், பேட்டரி தரமில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். எஞ்சினோடு சுழலும் காந்தத்துக்கு உள்ளே இருக்கும் ஸ்டேட்டர் காயில்தான் மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்த மாறுதிசை மின்சாரத்தை ரெக்டிஃபையர் நேர்திசை மின்சாரமாக மாற்றுகிறது. பெரும்பாலும் அதே பெட்டிக்குள் இருக்கும் ரெகுலேட்டர், மின்னழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்கிறது. அதன் பிறகு கப்ளர் (வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பிளாஸ்டிக் செருகி), ஃபியூஸ், எர்த் வயர் எல்லாவற்றையும் கடந்துதான் அது பேட்டரிக்கு வந்து சேர்கிறது. இத்தனை உறுப்புகளில் எது கெட்டாலும் பழி மட்டும் பேட்டரியின் மேல் விழுகிறது. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, கீழே சொல்லும் வரிசையில் அளந்து வந்தால், குறை எந்த உறுப்பில் என்பதை ஒரு பிற்பகலுக்குள் கண்டுபிடித்துவிடலாம். ஒன்றை அளந்து முடிக்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

வேலையில் இறங்கும் முன்

சார்ஜ் ஏறும்போது ஈய அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது சிறு பொறியிலும் வெடிக்கக்கூடியது. எனவே காற்றோட்டமுள்ள இடத்தில், தீயும் புகையும் இல்லாமல் வேலை செய்யுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ் வயரையும், மாட்டும்போது முதலில் பாசிட்டிவ் வயரையும் கையாள வேண்டும். இதற்குக் காரணம் எளிது: பைக்கின் சட்டம் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது, நெகட்டிவ் மாட்டியிருக்கும்போதே பாசிட்டிவ் நட்டைத் திருகினால், ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்ட கணமே பேட்டரி முழுவதும் ஷார்ட் ஆகிவிடும். கையில் மோதிரமோ உலோகப் பட்டை கொண்ட கடிகாரமோ இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். ஆசிட் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஏராளமான தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கழுவிய கையோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

முதல் அளவு: ஓய்வில் இருக்கும் பேட்டரி

12 வோல்ட் பேட்டரி என்று நாம் சொல்வதற்குள் ஆறு செல்கள் இருக்கின்றன. முழுச் சார்ஜில் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆகவே முழுமையாகச் சார்ஜ் ஏறிச் சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரியில் 12.6 முதல் 12.7 வோல்ட் வரை இருக்க வேண்டும், ஏ.ஜி.எம். வகையில் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும் மூடிய பேட்டரி) 12.8 அல்லது அதற்குச் சற்று மேலாகவும் இருக்கும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மீதம் என்று தோராயமாகக் கொள்ளலாம். வண்டியை ஓட்டிவிட்டு வந்தவுடனோ சார்ஜரைக் கழற்றியவுடனோ அளந்தால் எண் பொய்யாக உயர்ந்து தெரியும். காத்திருக்க நேரமில்லை என்றால், முகப்பு விளக்கை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கலாம்.

முழுச் சார்ஜ் போட்ட பிறகும் ஓய்வில் 10.5 வோல்ட்டுக்கு அருகிலேயே எண் நின்றுவிட்டால், ஆறில் ஒரு செல் உள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள். 12.6-இல் ஒரு செல்லின் 2.1-ஐக் கழித்தால் கிடைப்பது அதுதான். அந்த பேட்டரியை எந்தச் சார்ஜராலும் மீட்க முடியாது.

ஓய்வில் நல்ல எண் தெரிந்தாலும் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. மீட்டரை பேட்டரி டெர்மினலில் பிடித்தபடியே செல்ஃப் பட்டனை அழுத்திப் பாருங்கள். எஞ்சின் சுற்றும் அந்தச் சில நொடிகளில் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் நல்லது; 9.5-க்குக் கீழே சரிந்தால், பேட்டரி தன் கொள்ளளவை இழந்துவிட்டது. மீட்டரில் 11.5-க்கு மேல் தெரிந்துகொண்டே செல்ஃப் மோட்டார் மட்டும் திணறினால், குறை பேட்டரியில் இல்லை; பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே உள்ள கனமான வயரிலோ ரிலேயிலோ மோட்டாரின் உள்ளேயோ இருக்கிறது.

வெளிச் சார்ஜரில் போட்டால் ஏறவில்லை என்றால்

முதலில் டெர்மினல்களைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், சார்ஜர் கிளிப் அந்த உப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈயம் பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். அந்தக் கரைசல் செல்களுக்குள் இறங்காமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். பிறகு சார்ஜரை பேட்டரியில் மாட்டி, அதன் பின்பே சுவர் ஸ்விட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது சுவர் ஸ்விட்சை முதலில் அணைக்க வேண்டும்.

சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மீட்டரைக் கிளிப்பில் வைக்காமல் பேட்டரியின் ஈய டெர்மினலிலேயே வையுங்கள். எண் 13-ஐத் தாண்டி, சில மணி நேரத்தில் 14.4 வரை மெல்ல ஏறினால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கிளிப்பில் 14, டெர்மினலில் 12.5 என்று வேறுபட்டால் கிளிப் பிடிப்பு சரியில்லை. எதுவுமே மாட்டாத தானியங்கிச் சார்ஜரின் கிளிப்புகளை அளந்து, அங்கே மின்னழுத்தம் இல்லை என்பதால் சார்ஜர் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது. அந்த வகைச் சார்ஜர்கள் பல, மறுமுனையில் பேட்டரி இருப்பதை உணர்ந்த பிறகே மின்சாரத்தைத் தரும். அதே காரணத்தால், அடியோடு இறங்கிப்போன பேட்டரியை அவை பேட்டரியாகவே கண்டுகொள்வதில்லை. ஈய அமில பேட்டரியாக இருந்தால், நல்ல நிலையிலுள்ள இன்னொரு 12 வோல்ட் பேட்டரியைப் பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவாகச் சில நிமிடம் இணைத்து வைத்தால், சார்ஜர் விழித்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரியில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

நேர்மாறான சிக்கலும் உண்டு. போட்ட அரை மணியில் ‘முழுமை’ என்ற பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் வண்டியில் மாட்டினால் ஒரு தடவைகூட எஞ்சின் சுற்றவில்லை என்றால், பேட்டரித் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகிவிட்டது. நீண்ட நாள் இறங்கிய நிலையிலேயே கிடந்த பேட்டரிக்கு நேர்வது இது. மின்னோட்டம் உள்ளே இறங்க வழியில்லாமல் மின்னழுத்தம் மட்டும் சட்டென்று உயர, சார்ஜர் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறது. பல மணி நேரமாகியும் நிறையாமல் பேட்டரி கை வைக்க முடியாத அளவு சூடானாலோ, பக்கங்கள் உப்பினாலோ உடனே நிறுத்துங்கள். அது உள் ஷார்ட்.

மின்னோட்டத்தின் அளவும் முக்கியம். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் மணியில், அதாவது அதன் கொள்ளளவில், பத்தில் ஒரு பங்கு என்பது பாதுகாப்பான கணக்கு. 9 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். கார் பேட்டரிக்கென்று உள்ள பெரிய சார்ஜர் 6 ஆம்பியரை அதற்குள் தள்ளினால் தகடுகள் வளைந்துவிடும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியாக இருந்தால், தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய பின்பே சார்ஜ் போட்டு, ஏறி முடிந்ததும் மேல்கோடு வரை நிரப்புங்கள். குழாய்த் தண்ணீரையும் புது ஆசிட்டையும் ஊற்றக் கூடாது. ஆசிட்டின் ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு செல்லையும் பார்க்கலாம்: முழுச் சார்ஜில் அது 1.265 முதல் 1.280 வரை இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றிலிருந்து 0.050 விலகி நின்றால் அந்தச் செல் போய்விட்டது.

இரண்டாம் அளவு: எஞ்சின் ஓடும்போது

பேட்டரி தேறிவிட்டது என்றால் அதை முழுச் சார்ஜோடு வண்டியில் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, டெர்மினல்களில் நேர்திசை மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஐடிலிங்கில் எண் சற்றுக் குறைவாக இருந்தாலும் கவலை இல்லை. நிமிடத்துக்கு 5000 சுற்று வரை ஆக்சிலரேட்டரைத் திருகி, முகப்பு விளக்கைப் போட்டு அளக்கும்போது 13.5 முதல் 14.7 வோல்ட்டுக்குள் இருந்தால், சார்ஜ் அமைப்பு சரியாக இயங்குகிறது. ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று சோதிக்கும் பழைய வழக்கம் பலரிடம் இன்னும் இருக்கிறது. அதை அறவே விட்டுவிடுங்கள். அந்த நொடியில் எழும் உயர்ந்த மின்னழுத்தம் எரிபொருள் செலுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டியையே எரித்துவிடும்.

15 வோல்ட்டைத் தாண்டினால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுகிறது. பல்புகள் அடிக்கடி போவதும், டிஸ்டில்ட் வாட்டர் வேகமாகக் குறைவதும், அழுகிய முட்டை நாற்றமும் இதன் அடையாளங்கள். பெரும்பாலும் ரெகுலேட்டர்தான் காரணம். ஆனால் சில பழைய வண்டிகளில் ரெகுலேட்டர் பேட்டரியின் அளவைத் தனி வயர் ஒன்றின் மூலம் உணர்கிறது. அந்த வயர் வரும் வழியில் இக்னிஷன் ஸ்விட்சில் களிம்பு பிடித்திருந்தால், அதற்கு எட்டும் மின்னழுத்தம் குறைவாக இருக்கும். பேட்டரி வாடுகிறது என்று எண்ணி அது மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போகும். எனவே புதிய ரெகுலேட்டர் வாங்கும் முன் அந்த வயரின் முனையிலும் அளந்து, பேட்டரியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

எவ்வளவு திருகினாலும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் வந்து சேரவில்லை. இனிமேல்தான் உண்மையான தேடல் தொடங்குகிறது.

வழியில் எங்கே நழுவுகிறது?

முதலில் மெயின் ஃபியூஸ். கண்ணால் பார்த்தால் முழுசாகத் தெரியும் ஃபியூஸில்கூட முடி அளவு விரிசல் இருக்கலாம். இரண்டு பக்கமும் அளந்தால்தான் தெரியும். அடுத்து, மின்னழுத்த இழப்பைச் சோதிக்க வேண்டும். இந்த ஒரு சோதனையை மட்டும் தவறவிடாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். பல வீண் செலவுகளை இது தடுக்கும். எஞ்சின் 5000 சுற்றில் ஓடும்போது, மீட்டரின் சிவப்பு முனையை ரெகுலேட்டரின் பாசிட்டிவ் வயர் வெளிவரும் கப்ளரின் பின்புறமாகச் செருகி, கருப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவுக்கும் ரெகுலேட்டரின் எர்த் வயருக்கும் இடையே இதே போல் அளந்தால் 0.2-க்குள் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால், அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எங்கேயோ ஒரு கெட்ட இணைப்பு இருக்கிறது. மீட்டரை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால் அந்த இடம் தானே வெளிப்பட்டுவிடும். பெயின்டுக்கு மேல் இறுக்கப்பட்ட எர்த் போல்ட், துருப்பிடித்த வளையம், தளர்ந்த பேட்டரி நட் ஆகியவையே பெரும்பாலும் அகப்படும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஓம் அளவையில் இதைப் பார்க்கலாமே என்று தோன்றும். பார்த்தால் தெரியாது. 12 ஆம்பியர் ஓடும் ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். 14 வாட்டுக்கு மேல் வெப்பமும் உண்டாகும். சாதாரண மீட்டரோ 0.1 ஓமைத் தன் சொந்த வயரின் தடையிலிருந்து பிரித்துக் காட்டாது.

ஸ்டேட்டர், கப்ளர், ரெக்டிஃபையர்

ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று வயர்கள், பல வண்டிகளில் மூன்றும் மஞ்சள், ஒரு கப்ளரில் வந்து முடியும். எஞ்சினை நிறுத்தி அதைக் கழற்றுங்கள். மூன்று வயர்களையும் இரண்டிரண்டாக எடுத்து ஓம் அளவையில் பார்த்தால், மூன்று இணைகளும் ஏறக்குறைய ஒரே எண்ணை, பெரும்பாலும் 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இருந்தால் காயிலின் காப்பு எரிந்து உடலைத் தொட்டுவிட்டது. சில சிறிய வண்டிகளில் மட்டும் காயிலின் ஒரு முனையை வடிவமைப்பிலேயே எர்த் செய்திருப்பார்கள் என்பதால், வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கப்ளர் கழன்ற நிலையிலேயே எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை 200 வோல்ட் ஏ.சி. அளவையில் வைத்து, அதே மூன்று இணைகளை அளக்க வேண்டும். சுற்று ஏற ஏற எண்ணும் ஏற வேண்டும். மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) ஸ்டேட்டரில் 5000 சுற்றில் 50 வோல்ட்டுக்கு மேல் வருவது வழக்கம். அந்த எண்ணைவிட, மூன்றும் சமமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். இரண்டு இணைகளில் 55, ஒன்றில் 30 என்று வந்தால் ஸ்டேட்டர் போய்விட்டது. இந்த முனைகள் மின்னதிர்ச்சி தரக்கூடியவை. வெறும் கையால் தொடாதீர்கள்.

என்னிடம் இருந்த ஒரு பைக்கில் ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரி மாறியிருந்தது; ஸ்டேட்டரைப் பிரித்து மறுபடியும் சுற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அளந்து பார்த்தபோது ஓட்டத்தில் 13.1 வோல்ட்தான் இருந்தது. ஆனால் மின்னழுத்த இழப்பு 0.1, ஸ்டேட்டரின் மூன்று இணைகளும் 58, 58, 57. பேட்டரியும் ஸ்டேட்டரும் நலம், நேர்திசை வழியும் நலம் என்றால் மிஞ்சுவது ரெகுலேட்டரும் மஞ்சள் வயர் கப்ளரும்தான். இடப்பக்க மூடியைக் கழற்றி அந்தக் கப்ளரைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக்கின் ஒரு மூலை மட்டும் தேநீர்க் கறை போலப் பழுத்திருந்தது. அந்த மூலைக்கு வரும் மஞ்சள் வயர் ஒரு விரல் நீளத்துக்கு விறைத்துப்போய், மடக்கியதும் காப்பு சருகு போல் நொறுங்கியது. உள்ளே இருந்த பித்தளைப் பிடி அகன்று தன் இறுக்கத்தை இழந்திருந்தது. சும்மா அளக்கும்போது மின்னோட்டம் இல்லாததால் இந்தக் குறை மீட்டரில் தலைகாட்டவில்லை. சுமை ஏறியபோது மட்டும் மூன்று கட்டங்களில் ஒன்று அந்த மூலையிலேயே வெந்து தீர்ந்திருக்கிறது. செம்பு பளபளவென்று தெரியும் இடம்வரை வயரை வெட்டி, மூன்று முனைகளுக்கும் புதிய பித்தளைப் பிடிகளை அழுத்தி, புதுக் கப்ளரில் மாட்டினேன். மீட்டர் 14.2 காட்டியது.

கப்ளரும் நன்றாக இருந்தால் ரெக்டிஃபையரைச் சோதிக்கலாம். அதற்குள் இருப்பவை மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள். எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, மீட்டரை டயோடு அளவையில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு மஞ்சள் வயரிலும், கருப்பு முனையை வெளியீட்டுப் பாசிட்டிவிலும் வைத்தால் 0.4 முதல் 0.7 வரை காட்ட வேண்டும். முனைகளை மாற்றினால் ஓ.எல். (மின்சாரம் போக வழியில்லை என்பதற்கான குறி) என்று வர வேண்டும். பிறகு சிவப்பு முனையை நெகட்டிவில் வைத்துக் கருப்பை மஞ்சள் வயர்களில் தொட்டால், இதே போன்ற எண்கள் கிடைக்க வேண்டும். இரு திசையிலும் சுழி காட்டினால் டயோடு ஷார்ட். மிகுதி மின்சாரத்தை உள்ளே விடாமல் துண்டித்துவிடும் சீரீஸ் வகை ரெகுலேட்டர்களில் பாசிட்டிவ் பக்கம் இரு திசையிலும் ஓ.எல். வருவது இயல்பு என்பதால், அங்கே இச்சோதனையை நம்ப வேண்டாம். டயோடுகள் தேறினாலும் ஒழுங்குபடுத்தும் பகுதி கெட்டிருக்கலாம். மற்ற எல்லாம் சரியாக இருந்து சார்ஜ் மட்டும் இல்லை என்றால் ரெகுலேட்டரை மாற்றுவதே வழி. ரெகுலேட்டர் சூடாவது மட்டும் குறைக்கு அடையாளம் அல்ல. ஷன்ட் வகை ரெகுலேட்டர், மிகுதி மின்சாரத்தை வெப்பமாகவே கழிக்கிறது. அதனால்தான் அதற்குக் காற்று படும் இடம் வேண்டும்.

நிறுத்தி வைத்த வண்டியில் இறங்கிப்போனால்

ஓட்டத்தில் 14 வோல்ட் வருகிறது, பேட்டரியும் நல்லது, ஆனால் நான்கு நாள் நிறுத்தினால் எடுக்கவில்லை என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. சாவியை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவையில் அந்த வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே இணையுங்கள். எண் மிகச் சிறியது என்று உறுதியான பிறகே மில்லிஆம்பியர் அளவைக்கு மாற்ற வேண்டும்; இந்த நிலையில் சாவியைப் போட்டால் மீட்டரின் ஃபியூஸ் எரிந்துவிடும். கடிகாரத்துக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் ஓரிரு மில்லிஆம்பியர் போவது இயல்பு. 50 மில்லிஆம்பியர் போனால், 9 ஆம்பியர் மணி பேட்டரி 180 மணி நேரத்தில், அதாவது ஏழரை நாளில் காலியாகும். எஞ்சினைச் சுற்றும் திறனை அதற்கு முன்பே இழந்துவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில் குறை. எதிலும் விழாவிட்டால் ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். கசியும் டயோடு வழியாக பேட்டரி திரும்ப வடிவது உண்டு. பிறகு சேர்த்த அலாரம், மொபைல் சார்ஜர், கூடுதல் விளக்கு ஆகியவை ரிலே இல்லாமல் நேராக பேட்டரியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் சந்தேகம் முதலில் அவற்றின் மேல் விழ வேண்டும். 20 வாட் விளக்கு இரண்டு போட்டால் 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிறிய வண்டியின் ஸ்டேட்டரில், குறிப்பாக நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது, பேட்டரிக்கென்று மிச்சம் எதுவும் இருக்காது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு எண்கள் வேறு: முழுச் சார்ஜில் ஓய்வு மின்னழுத்தமே ஏறத்தாழ 13.3 வோல்ட். சல்பேட் நீக்கும் பயன்முறை கொண்ட சார்ஜரை அதில் மாட்டக் கூடாது.

பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அளவுகள் சொன்னால், புதியதை வெளிச் சார்ஜரில் முழுமையாக ஏற்றிய பின்பே வண்டியில் மாட்டுங்கள்; காலியான பேட்டரியை ஓட்டியே நிரப்ப முயன்றால் ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும் தேவையில்லாமல் சூடாகும். மாட்டியதும் ஓய்வு, ஐடிலிங், 5000 சுற்று என மூன்று அளவுகளையும் எடுத்து, தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி இருக்கைக்கு அடியில் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே சுற்றில் 14.2 இருந்த இடத்தில் 13.6 தெரிந்தால், வண்டி நிற்பதற்கு முன்பே கப்ளரைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.